அனுபவம் என்ற கட்டம்

ஜெராக்ஸ் கடையில் எடுத்த தாள்கள் கையில் இன்னும் சூடாக இருக்கின்றன. அந்த மை வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் மாற்றலாகிப் போனதால் காலியான இடத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. அரசு போதை மீட்பு மையத்தில் ஆலோசனை உளவியலாளர். தகுதி, உளவியலில் முதுகலை, ஆலோசனைப் பணியில் அனுபவம். அன்றைய வாசகமேதான்.

எட்டு வருடம் முன்பு இருவரும் இதற்கு விண்ணப்பித்தோம். நான் எம்.ஃபில். முடித்தவன். நீங்கள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். குடியை விட்டபின் அஞ்சல்வழியில் படித்தீர்கள். உங்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான். டீக்கடையில் ஒருநாள் குடித்த கதையைச் சொன்னீர்கள். அது ரகசியம் என்று நானாக முடிவுகட்டி, இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டேன்: ‘இவர் பத்து வருடம் குடிகாரர்.’

தஞ்சாவூரில் நேர்காணல் முடிந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தீர்கள்.

“சார், என்மேல பெட்டிஷன் போட்டிருக்காங்க. பத்து வருஷம் குடிச்சேனாம். பதினொண்ணுங்க, நானே எழுதியிருக்கேனேன்னு காட்டினேன்.”

விண்ணப்ப நகலை நீட்டினீர்கள். அனுபவம் என்ற கட்டத்தில், மையத்தில் ஊதியமில்லாமல் உழைத்த இரண்டு வருடத்துக்குக் கீழே, ‘பதினொரு வருடம் குடித்தேன். ஒன்பது வருடமாகக் குடிக்கவில்லை.’ அரசாங்கப் படிவத்தில் ஒருவர் இப்படியும் எழுதுவாரா! வேலை உங்களுக்குக் கிடைத்தது. ஆறு வருடம் உங்களோடு பேசவில்லை.

பிறகு என் தம்பி குடியில் விழுந்தான். ஈரல் கெட்டுவிட்டது, இனி குடித்தால் பிழைக்கமாட்டான் என்றார்கள். வேறு வழியில்லாமல் உங்கள் முன் கொண்டுவந்து உட்காரவைத்தேன். திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்தேன்.

“தம்பி குடிக்கிறது மூணு வருஷம். அண்ணன் என்மேல கோவமா இருக்கிறது ஆறு வருஷம். யாருக்கு சார் முதல்ல சீட்டு போடுறது?”

தம்பி சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டீர்கள்: “இடது கை வலி போயிடுச்சுங்களா?”

எல்லாம் தெரிந்தே அவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இந்தக் குறுவைக்கு அவனே வரப்பில் நின்று நடவு பார்த்தான்.

படிப்பு எனக்குத்தானே அதிகம் என்ற கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் படிவத்தில், வகுப்பெடுத்த வருடங்களுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: ‘ஒருவர்மேல் மொட்டைக் கடிதம் எழுதினேன். அவரிடமே தம்பியைக் கொண்டுபோனேன்.’

வலது கையால் கையெழுத்துப் போட்டேன்.