சங்கத்துப் பாரத்தில் என் பெயர்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
13.9.1998, ஞாயிறு

அன்புள்ள மகள் யோகலட்சுமிக்கு,

அம்மா எழுதுவது. இறைவன் அருளால் நான் நலம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் மருமகனும் பேரனும் பெர்த்தில் நலமாயிருக்க தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இன்று காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. நீதான் என்று தெரியும், ஞாயிறு பத்து மணிக்கு வேறு யார் கூப்பிடப் போகிறார்கள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், எடுக்கவில்லை. பதினெட்டு முறை அடித்து நின்றது. போன இரண்டு ஞாயிறும் முழங்கால் வலி என்று சொல்லிச் சீக்கிரமே வைத்துவிட்டேன், இன்று அதுவும் முடியவில்லை. பயந்துவிடாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசினால் குரல் நடுங்கும், நீ அழுவாய், சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். விஷயம் இதுதான். இந்த வீட்டில் நான் இல்லை என்று உன் தம்பி குகதாசன் குடியிருப்போர் சங்கத்து விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அது உண்மையா பொய்யா என்று நான் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன். என்ன போட்டேன் என்பதையும் ஏன் போட்டேன் என்பதையும் முழுவதும் படி, பாதியில் தம்பிக்குப் போன் செய்யப் போகாதே.

போன வருடம் புகைமூட்டத்தில் ஊரே இருமிக்கொண்டிருந்ததே, அதற்குப் பிறகு நம் வட்டாரத்து எட்டுத் தெருக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. புகை விடாத மின்சார சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழிவாக சங்கமே கொடுக்கும். யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடை கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு சைக்கிளுக்குத்தான் கழிவு. அந்த வீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால் முதல் உரிமை அவருக்கு. கடலுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கு இல்லை, எட்டுத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். இந்த அறிவிப்புத் தாளைக் கதவிடுக்கில் பார்த்த அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உன்னிடம் சொன்னேனே, நினைவிருக்கிறதா? நாற்பது வருடமாக சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன், பாசாருக்கும் கோயிலுக்கும் போனேன், சேலை கட்டிக்கொண்டே. இப்போது முழங்கால் மிதிக்க மறுக்கிறது. மற்ற பெண்கள் மாதிரி யாராவது கெரேத்தா எடுத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏற்றிப்போக வேண்டும் என்று வாசலில் காத்து நிற்க எனக்குத் தெரியாது. மிதிக்காமலே ஓடும் சைக்கிள் என்றதும் இன்னும் ஐந்து வருடம் என் காரியத்தை நானே பார்த்துக்கொள்வேன் என்று கணக்குப் போட்டேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுதான் இந்த வண்டிகளை வரவழைத்துத் தருகிறார். உன் முதல் மூன்று சக்கர வண்டியும் அவரிடம் வாங்கியதுதான். நான் ஜூலையிலேயே போய்ப் பார்த்து நீல நிறத்தில், குறுக்குக் கம்பி தாழ்வாக உள்ளதைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் வலை கட்டித் தருகிறேன் டீச்சரம்மா என்றார். சுற்றிப் பார்க்க ஓட்டவும் விட்டார். ஓட்டி முடித்து இறங்கியபோது, "ரேஸுக்குப் போறீங்களா டீச்சரம்மா, நான் ஆள் சேர்க்கவா?" என்று கேலி செய்தார். விண்ணப்பம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டியிருந்ததால் மூன்று வாரம் வெளியே போகவில்லை. போன மாதம் இருபத்தைந்தாம் தேதி சங்க அலுவலகத்துக்கு நடந்தே போனேன்.

அங்கே புதிதாக சல்மா என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மரியாதையான பிள்ளை, ஆனால் தலைமுடி கண்ணில் விழுகிறது. வீட்டு எண்ணைச் சொன்னதும் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே எடுத்தாச்சுலா" என்றாள். எடுத்தது யார் என்று கேட்டேன். தம்பு மகன் குகதாசன் என்றாள். என் மகன்தான், ஆனால் அவன் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் அல்லவா இருக்கிறான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்ப நீங்க யாரு ஆன்ட்டி, செத்துப்போனவங்களோட அக்காவா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. பாரத்தைத் திருப்பிக் காட்டினாள். மலாயில்தான் இருந்தது. உடன் வசிக்கும் பெற்றோர் என்ற இடத்தில் தகப்பன் என்பதற்கு நேரே தியாடா, தாய் என்பதற்கு நேரே தியாடா. உன் தம்பியின் கையெழுத்து, அந்தக் கடைசி எழுத்தின் வால் இன்னும் கீழே இறங்குகிறது, எத்தனை முறை திருத்தினேன். தியாடா என்றால் இல்லை என்று பொருள். இறந்தவர்களையும் மலாய்க்காரர்கள் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். உன் அப்பா போனபோது எதிர்வீட்டு ருக்கையா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அந்த வார்த்தைதான். அப்பாவுக்கு அது சரி. அதற்கு அடுத்த வரியில் எனக்கும் அதையே பார்த்த அந்தப் பெண் என்ன நினைப்பாள்? மூத்த குடிமக்கள் பட்டியலில் என் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறாள், அடிமட்டம் வைத்து நேராக. அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். பாவம், எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ ஆன்ட்டி, மன்னிச்சிருங்க, எனக்குத் தெரியாதுலா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை, எழுதியிருந்ததைத்தான் படித்தாள்.

அங்கிருந்து நேரே சீனி முகம்மதின் கடைக்குப் போனேன். நீலச் சைக்கிள் இல்லை. அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "என்ன டீச்சரம்மா, வண்டி எப்படி ஓடுது, வலை சரியா இருக்கா?" என்றார். தம்பி வந்து அம்மாவுக்குத்தான் என்று சொல்லி எடுத்துப்போனானாம். அவர் வலை கட்டி, மணியும் இலவசமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவரிடம் நான் என்ன சொல்வேன், நீயே சொல். நன்றாக ஓடுகிறது என்றேன். அறுபத்தொன்பது வயதில் சைக்கிள் கடைக்காரரிடம் பொய் சொன்னேன். கடையில் அம்மாவுக்கு என்று சொன்னவன் சங்கத்தில் அம்மா இல்லை என்று எழுதியிருக்கிறான். அடையாள அட்டையில் முகவரியை அவன் மாற்றவேயில்லை, நான்தான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு மின்சார பில்லும் வேண்டும் அல்லவா, அதைக் கொடுத்ததும் நானேதான். மாதாமாதம் கட்டிவிட்டு வருகிறேன் அம்மா என்று வாங்கிக்கொண்டு போவானே.

அந்த சனிக்கிழமை வந்தான். பசியாறிய பிறகு கேட்டேன், சாப்பிடும்போது எவனையும் எதுவும் கேட்பதில்லை என்பது உனக்குத் தெரியும். முகம் சுண்டிப்போய், "இங்க இல்லைங்கிற அர்த்தத்துலதான் எழுதினேன் அம்மா, வேற மாதிரி நினைக்கல" என்றான். இங்கே இல்லாமல் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். பிறகு, "நீங்க பிப்ரவரியில சூலியா தெரு முனையில சைக்கிளோட விழுந்தீங்களாமே, அப்படியிருந்தும் இன்னொரு சைக்கிளா? அக்காதான் சொன்னா, அம்மாவுக்குக் கிடைக்காம நீயே எடுத்துக்கோ, அவங்க ஏறாம இருந்தாப் போதும்னு" என்றான்.

யோகம், நான் விழுந்தது உன் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். சிராய்ப்பை உன் தம்பிக்குக் கூடக் காட்டாமல் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து, உன்னிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன், சத்தியமாகச் சொல்ல மாட்டேன் அம்மா என்றாய். அதைவிட எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. வண்டி அவன் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, எனக்கு விஷயம் தெரிவதற்கு முன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னுடன் பேசினாய். இரண்டு தடவையும் நீயாகவே, சைக்கிள் எப்போது அம்மா வருகிறது, நீல நிறம்தானே என்று கேட்டாய். நானும் பைத்தியம் போல வலை கட்டும் கதையெல்லாம் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்கிறது. என்னிடம் நேரே, அம்மா இனி ஏறாதீர்கள், எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமலும் இருந்திருப்பேன், பிறகு ஒருவேளை கேட்டும் இருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சண்டைக்குக் கூட என்னைத் தகுதியாக நினைக்கவில்லை.

போன திங்கட்கிழமை சங்கத் தலைவர் ராமதாஸ் வீட்டுக்கு வந்தார், நல்ல மனிதர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தாளை நீட்டினார். நான் இங்கே வசிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் மகனின் விண்ணப்பம் பொய்யாகிவிடும், வண்டியை மாதக் கடைசிக்குள் கடையில் திருப்பி விட வேண்டும், அடுத்த கூட்டத்தில் பெயரை வாசிப்பார்கள். வேறு வழியும் இருக்கிறது டீச்சர் என்று குரலைத் தாழ்த்தினார். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் மட்டும் உறவினர் வீட்டில் போய் இருந்தேன், மகன் இங்கே குடியிருந்தான், இப்போது திரும்பி வந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை, "பெத்த பிள்ளைதானே டீச்சர், ஒரு வரிதானே" என்றார். வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டேன். எனக்குக் கான்வென்ட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. வராத தோழிக்காக நான் குரல் கொடுத்து ஆஜர் சொன்னேன், கண்டுபிடித்த கன்னியாஸ்திரி என்னை மதியம் வரை முட்டி போட வைத்தார். வராதவளை வந்தாள் என்று சொன்னதற்கு அந்தத் தண்டனை. இருக்கிறவளை இல்லை என்று அவளே எழுதித் தருவதற்கு என்ன தண்டனை என்று அவர்கள் சொல்லித் தரவில்லை.

வியாழக்கிழமை உன் தம்பி மனைவி குணவதி ஃபெரியில் வந்தாள். வாசலில் செருப்பை விடும்போதே கண் கலங்கியிருந்தது. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, ஏப்ரலில் இருந்து ஃபேக்டரியில் ஓவர்டைம் கிடையாதாம், தவணை கட்டாததால் கெரேத்தாவைப் பேங்க்காரன் ஜூனில் இழுத்துப் போய்விட்டானாம். சனிக்கிழமைதோறும் என்னைப் பார்க்க வருகிறவன், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறேன், ஃபெரிக்கு நடந்தே வந்தேன் என்று இரண்டு மாதம் சொன்னானே, நானும் நல்ல ஒர்க்‌ஷாப்பாகப் பார் என்று புத்தி சொன்னேனே. விடியற்காலை ஷிப்டுக்குப் புக்கிட் தெங்காவுக்கு அந்த நீலச் சைக்கிளில்தான் போகிறானாம், பெண்கள் சைக்கிள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்கிறார்களாம், "வலையை மட்டுமாவது கழட்டுங்கன்னு சொன்னேன் மாமி, அம்மா கேட்டுக் கட்டினது, இருக்கட்டும்னுட்டார்" என்றாள். அதைக் கேட்டு நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள் மாமி என்று கேட்டாள். நான் சொன்னேன், என் சேமிப்பில் இருந்து முழு விலை கொடுத்து அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தருகிறேன், கறுப்போ சிவப்போ அவன் இஷ்டம், ஆனால் நான் இந்த வீட்டில் இல்லை என்று ஒரு நாளைக்குக் கூட எழுத மாட்டேன், அவனைப் பெற்று ஆஸ்பத்திரியில் இருந்து தூக்கி வந்ததும், உன் மாமனாரைத் தூக்கி அனுப்பியதும் இந்த வாசலில்தான். அவள் ஃபெரி நேரத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் போன் செய்து, "அவர் உங்ககிட்ட வாங்க மாட்டாராம் மாமி" என்று மட்டும் சொன்னாள். யாருடைய பிள்ளை, அப்படித்தான் சொல்வான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். இங்கே வசிக்கிறேன், ஒரு நாளும் வேறு எங்கும் வசிக்கவில்லை என்று முழுப் பெயரில். கழிவு எனக்கு வேண்டாம், எனக்கு அடுத்துப் பட்டியலில் இருக்கும் கிழவிக்குக் கொடுங்கள் என்றும் எழுதினேன். சல்மா சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது என்று என் பெயரைப் பட்டியலின் கடைசியில் புதிதாக எழுதிக்கொண்டாள். நேற்று சனிக்கிழமை. குகதாசன் வரவில்லை. அவனுக்கென்று வாங்கிய இறால் அப்படியே இருக்கிறது. அவன் அடுத்த மாதத்தில் இருந்து நடந்து போவான் என்று நினைக்கும்போது, நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் சாதம் இறங்கவில்லை.

மற்றபடி பேரன் எழுதிய கடிதம் வந்தது, சந்தோஷம். அம்மம்மா என்பதில் ஒரு ம் குறைகிறது, திருத்தச் சொல். உனக்கு இருமல் இன்னும் இருந்தால் மிளகும் சீரகமும் தட்டிக் கொதிக்க வைத்துக் குடி, உங்கள் மருந்துக்கடை மருந்தை மட்டும் நம்பாதே. எலுமிச்சை ஊறுகாய் காய்கிறது, அனுப்புவேன். கோபத்தில் அதை நிறுத்தமாட்டேன்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், முருகன் துணையோடு நீடு வாழ வேண்டும். குகதாசனுக்கும் அதே ஆசீர்வாதத்தை இங்கிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாய். வா, உன் அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் உன்னிடமிருந்து எனக்குக் கடிதம் வர வேண்டும். போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று உன் கையால் எழுது. குரலில் நீ எதை மறைத்தாய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உன் கையெழுத்தை ஸ்லேட்டில் பழக்கியவள் நான், அதில் நீ தயங்கிய இடம் எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கமலாம்பிகை தம்பு