நானூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீற்றர்

மே 6, செவ்வாய்

இன்று முப்பத்திரண்டு கிலோமீற்றர். மொத்தம் 118.

சைக்கிளின் முன்சில்லின் நடுவில் இருக்கும் மோட்டருக்குள் சின்னப் பிளாஸ்டிக் பற்சில்லுகள் மூன்று. பாரத்தோடு ஏற்றம் ஏறினால் அவை இளகிவிடுமா என்பதுதான் எல்லோருடைய பயமும். பின்னால் அறுபது கிலோ மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெமட்டகொடை மேம்பாலத்தில் ஐந்து தரம் ஏறி இறங்கினேன். மோட்டர் சூடுதான், ஆனால் கை வைக்கக்கூடிய சூடு. சத்தம் மட்டும் காதுக்குள் நுளம்பு நின்று இரைவதுபோல.

கராஜ் முதலாளி இராசரத்தினம் சேர் ஐந்நூறு கிலோமீற்றர் சோதனை ஓட்டம் கேட்கிறார். பழுதில்லாமல் ஓடி முடித்தால் எண்பது மோட்டர் இறக்கி, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பெடியன்களுக்குச் சைக்கிள்களை வாடகைக்கு விடுவார். என்னை நிரந்தரமாக்குவதாகவும் சொல்லியிருக்கிறார். இடையில் ஏதாவது உடைந்தால், கழன்றால், திருத்திவிட்டுப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

மே 9, வெள்ளி

214. வெயில். எழுத ஒன்றுமில்லை.

மே 14, புதன்

வெசாக் லீவு முடிந்து முதல் நாள். 278. வெள்ளவத்தையில் எங்கள் கராஜுக்குள் மூன்று பேர்தான்: சேர், நான், ஜெயகுமார் அண்ணா. அண்ணா மயிர் போன்ற வயர்களையும் கை நடுங்காமல் ஈயம் வைத்து ஒட்டுவார். நான் மூச்சைப் பிடித்தாலும் அப்படி வராது. மத்தியானம் சாப்பிடும்போது, “நீர் இந்தச் சைக்கிளைக் கட்டித்தான் குடும்பம் நடத்தப்போறீர் போல கிடக்கு” என்றார். சிரித்தேன். முப்பத்தொன்பது வயதில் வேறு யார் இப்படிச் சொன்னாலும் கோபம் வந்திருக்கும்.

மே 19, திங்கள்

412.

மேம்பாலத்தின் உச்சியில் ஹேண்டில் ஒருமாதிரி உதறியது. இறங்கிப் பார்த்தேன். வலப்பக்க நட்டு அரைச் சுற்று இளகியிருந்தது. மோட்டர் சில்லை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்ப விடாமல் பிடித்திருப்பது சில்லைத் தாங்கும் போர்க்கின் நுனியில் இருக்கும் வெட்டும் இந்த நட்டும்தான். வெட்டின் ஓரம் கொஞ்சம் பளபளத்தது. தேய்ந்ததா, முதலிலேயே அப்படித்தானா, தெரியவில்லை.

பூட்டியவள் நான். சரியாக இறுக்காமல் விட்டிருப்பேன். ஸ்பெனரை எடுத்து, உடம்புப் பாரத்தை எல்லாம் போட்டு இறுக்கினேன். பிறகு அசையவில்லை.

சேருக்குக் கொடுக்கும் சோதனைத் தாளில் எழுதவில்லை. இன்னும் எண்பத்தெட்டுத்தானே.

மே 21, புதன்

இரண்டு நாளும் மழையிலே ஓடினேன். 463. நட்டு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு தரம் பார்த்தேன். மூன்று தரம்.

மே 22, வியாழன்

காய்ச்சல். அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். சேரிடம் இன்று வர முடியாது என்றேன். கொஞ்சத்தில் ஜெயகுமார் அண்ணா போன் எடுத்தார். மிச்ச முப்பத்தேழையும் தான் ஓடி முடிக்கிறாராம், நான் படுக்கட்டாம்.

ஏற முன்னம் நட்டைப் பாருங்கள் என்று வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். “கவனம், மழை” என்று மட்டும் சொன்னேன்.

மே 23, வெள்ளி

விழுந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம், மேம்பாலத்தில் ஏறும்போது. முன்சில்லு கழன்று, ஆள் தலைகுப்புற. தாடை உடைவு. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில். பொரளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். பின்னால் பஸ் வரவில்லையாம். பஸ் வரவில்லை, பஸ் வரவில்லை என்று சேர் போனில் மூன்று தரம் சொன்னார்.

நான் என்ன செய்துபோட்டன்.

மே 24, சனி

சைக்கிளைக் கராஜுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அச்சு வெட்டுக்குள்ளே முழுதாகச் சுழன்று வயரை முறுக்கி அறுத்திருக்கிறது. போர்க்கின் நுனி மலர்ந்துபோய்க் கிடக்கிறது. பற்சில்லுகளைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பல்லுக்கூடத் தேயவில்லை. இத்தனை நாளும் எல்லோரும் பார்த்துப் பயந்தது அதைத்தான்.

பக்கத்தில் நின்ற சேர், ஜெயகுமார் குழிக்குள்ளே விட்டிருக்கிறான் போல என்றார். நான் பற்சில்லுகளைத் திரும்பப் பூட்டத் தொடங்கினேன்.

மே 28, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் கதைக்க முடியாது. கொப்பியில் எழுதிக் காட்டினார்: குழி இருந்திருக்கும், நான் பார்க்கேல்லை. அதன் கீழே: மன்னிக்கவும்.

என்னிடம். அவர் என்னிடம்.

ஜூன் 1, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நன்மை எடுக்கவில்லை; இதை மறைத்துக்கொண்டு அந்த அப்பத்தை எப்படி வாங்குவது? வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ?

ஜூன் 10, செவ்வாய்

தாடைக் கம்பியைக் கழற்றி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். தெமட்டகொடையில் ஜெயகுமார் அண்ணாவின் வீட்டுக்குப் போனேன். மனைவி உஷாந்தி அக்கா வாசலிலேயே என்னைப் பிடித்து நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: இடக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லையாம், நரம்பாம், இனி வருமோ தெரியாதாம். “அதைவிட, சுரேகாவின்ர ஒரு மாத வேலையைப் பழுதாக்கிப்போட்டன் எண்டுதான் ஒரே புலம்பல். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ, பரவாயில்லை எண்டு.”

உள்ளே போனேன். பரவாயில்லை என்று சொல்லத்தான் போனேன். அவர் கதிரையில் இருந்தபடி அந்தக் கையை மற்றக் கையால் தூக்கி மடியில் வைத்தார். அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நட்டு, ஸ்பெனர், தாளில் எழுதாதது, போனில் வாய் வரை வந்தும் சொல்லாதது.

மடியில் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு, “எண்டைக்குக் கண்டனீர்?” என்றார்.

“பத்தொன்பதாம் தேதி.”

“மூண்டு நாள்.”

“ஓம்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உஷாந்தி அக்கா கொண்டுவந்த தேத்தண்ணியை என் பக்கத்தில் வைக்காமலே உள்ளே திரும்பிப் போனார்.

ஜூன் 11, புதன்

இரவு முழுக்கக் கண் மூடவில்லை. காலையில் முதல் வேலையாக இரண்டு பக்கம் எழுதிச் சேரிடம் கொடுத்தேன். நடந்தது எல்லாம். கடைசியில், முன்சில்லில் இந்த மோட்டரைப் பூட்டுவதென்றால் அச்சு சுழலாமல் பிடிக்க இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வேண்டும், இல்லாமல் ஒன்றையும் ரோட்டில் விடக்கூடாது என்று எழுதினேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார். தகடு இல்லாமல் ஒன்றும் போகாது என்றார். ஜெயகுமார் அண்ணாவின் வைத்தியச் செலவையும் தான் பார்ப்பாராம். “உமக்கு வேலை தெரியும் சுரேகா. ஆனா நீர் எழுதித் தாற தாளை நான் இனி எப்பிடி நம்புறது?”

கேட்ட விதத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்பவர்போல் கேட்டார். என்னிடமிருந்த கராஜ் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 25, புதன்

வீட்டுக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையிலேயே மஜீட் நானாவின் கடையில் மின்விசிறி, கிறைண்டர் திருத்துகிறேன். ஏன் வெள்ளவத்தையை விட்டீர்கள் என்று கேட்டார். தூரம் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஜெயகுமார் அண்ணா திரும்ப வேலைக்குப் போகிறார் என்று அம்மா சந்தையில் யாரிடமோ கேள்விப்பட்டு வந்தார். ஈயம் வைக்கும் வேலை இல்லையாம். கணக்குக் கொப்பியும் போனும் பார்க்கிறாராம்.

பூசை முடிந்து வந்து போன் எடுத்தேன். என்ன சொல்வதென்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். உஷாந்தி அக்கா எடுத்தார். “சுரேகா கதைக்கிறன்” என்றேன். பின்னால் ஜெயகுமார் அண்ணா யாருக்கோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை போல, சொற்கள் பல்லுக்குள்ளேயே நின்றன.

“அவர் நித்திரை” என்றார் அக்கா.

காலை பதினொரு மணி.

“சரி அக்கா,” என்றேன். “எழுப்ப வேண்டாம்.”