மருந்தடிக்காத நாள்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஏலக்காட்டில் மருந்தடிப்பு இல்லை. உடும்பஞ்சோலைக்குப் போய், பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குச் சிவப்புக் கவுன் வாங்கி வந்தேன்.

மருந்தடிக்கும் நாட்களில் என்னைக் கண்டதும் அவள் தவழ்ந்து வருவாள். என் சட்டையெல்லாம் விஷம். உள்ளங்கையை நீட்டி, "கிட்ட வராதே!" என்று கத்துவேன். என் மனைவி செல்வி ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொள்வாள். குளித்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன்.

இன்று சுத்தமான சட்டையோடு வாசலில் குத்தவைத்து, இரண்டு கைகளையும் விரித்தேன். பாதித் தூரம் வந்தவள் நின்றுவிட்டாள். உட்கார்ந்து, தன் சின்ன உள்ளங்கையை என்னை நோக்கி நீட்டினாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"இதை யாருடி சொல்லிக்கொடுத்தது?"

"வேற யாரு, நீங்கதான். இன்னைக்கு மருந்தடிக்கலைன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றாள் செல்வி.

அந்தக் குளிரிலும் போய்க் குளித்துவிட்டு வந்தேன். பாப்பா என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் மடியில் ஏறினாள்.

இப்போது மழை விட்டிருக்கிறது. நாளைக்கு மருந்தடிப்பு உண்டு.