இரண்டு முறை மாற்றிய விரிப்பு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெரியப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுத வேண்டும் என்பதால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

பெரியப்பாவுக்காக நீ அனுப்பிய முதியோர் இல்லத்து விண்ணப்பம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டில் வேறு யாருக்கோ போய்விடும் என்று எழுதியிருந்தாய், இன்று புதன். அது நேற்று வரை சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது, அதன் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்பாவே போன பிறகு அவருடைய அண்ணனுக்கு நான் ஏன் செய்து கொட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய், நியாயமான கேள்விதான். அப்பா இறந்த வருடமே பெரியப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, கல்யாணம் ஆகாத மனுஷன், நடு அறையில் கட்டிலைப் போட்டோம். செய்வாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, மாட்டேன் என்று நானும் சொல்லவில்லை, அப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் ஒன்று நடந்தது, பயப்படாதே. எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு முறை உண்டு, விரிப்பு அழுக்கா இல்லையா என்று பார்க்கக் கூடாது, கட்டிலில் கிடந்தது என்றால் உருவித் துவைக்கப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பெரியப்பாவின் விரிப்பை மாற்றினேன். மாலையில் துவைக்கப் போனால் வாளியில் இரண்டு விரிப்பு கிடக்கிறது, ஒன்றில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவரிடம் போய்க் கேட்டேன். "மாத்திட்டுப் போயி அரை மணி நேரத்துல திரும்ப வந்து மாத்தினியேம்மா. கேட்டா சங்கடப்படுவியேன்னு பேசாம புரண்டு குடுத்தேன்" என்றார். அந்த இடுப்போடு ஒரு தரம் புரள்வதற்கே பல்லைக் கடிப்பார். நான் அழ வேண்டிய இடம் அது என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. போய் இரண்டையும் துவைத்துக் காயப்போட்டேன்.

மறுநாள் காலையில் சவரக்கத்தியை எடுத்துக்கொண்டு போனவள், என்ன நினைத்தேனோ, இன்றைக்கு வேண்டுமா என்று கேட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள், வேலைக்கு ஓடும் அவசரத்தில் நாலு வருடமாகச் செய்வது, கேட்டது அன்றுதான். அவர் தனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை, நான் ஆசைப்பட்டுச் செய்கிறேன் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எனக்கு எங்கே ஆசை, முகத்தைக் கீறிவிடுவேனோ என்று ஒவ்வொரு தடவையும் பயம். சிரிப்பு வந்திருக்க வேண்டும், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான். இப்போது தாடி வளர்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் எனக்குக் காலையில் இருபது நிமிடம் மிச்சம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும், சோறு போட்டே ஆக வேண்டும், அதில் எனக்கு இஷ்டமும் இல்லை கஷ்டமும் இல்லை. ஆனால் சாயங்காலம் அவர் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டுக் குறுக்கெழுத்துப் போடுகிறோமே, அதைச் செய் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போய் உட்கார்கிறேன். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர் இல்லையா, விடை தெரியாவிட்டால் என்னையே அவசரப்படுத்துவார். அந்த நாற்காலியில் உட்காரும்போது மட்டும் நான் இருக்கிறேன் என்று தெரிகிறது, மற்ற நேரம் தெரிவதில்லை.

நேற்று விண்ணப்பத்தை அவரிடமே கொடுத்தேன். வரி விடாமல் படித்தார். "எடம் நல்லாத்தாம்மா இருக்கு. உன் இஷ்டம்" என்றார். இந்த வீட்டில் அந்த வார்த்தையை என்னிடம் யார் சொல்லியிருக்கிறார்கள், சொல்லு பார்ப்போம். கையெழுத்துப் போடவில்லை கண்ணு, போடப் போவதும் இல்லை. என்னைத் தியாகி ஆக்கிவிடாதே, எரிச்சலாக வரும். ஞாயிறு முழுக்க ஓர் ஆளை வரச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு வெளியே போகிறேன், எங்கே என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த வருடம் முடியாமல் போனால் முடியவில்லை என்று நானே சொல்வேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அது வரும்போது எழுதுகிறேன்.

மழையில் நனையாதே, முதுகு வலியை அலட்சியம் செய்யாதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நூறு வருடம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வாராவாரம் ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுகிறாய், நான் பேசும்போது பின்னால் நீ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கும். கடமைக்கு என்றால் வேண்டாம் கண்ணு. உனக்கே தோன்றுகிற அன்றைக்குக் கூப்பிடு, மாதம் ஒரு தரம் ஆனாலும் சரி, நான் இருப்பேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா