சுவருக்கு அந்தப் பக்கம் அடங்கிய சத்தம்

உன் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் இன்று காலையில் கருவாடு பொரித்தார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லையே, வாசம் நேராக என் அடுப்படிக்கு வந்துவிட்டது. வேலை ஓடவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது.

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் மலையில் உன்னோடு கொழுந்து கிள்ளியவள் நான். வாய் ஓயாதவள் நீ. அப்படிப்பட்டவள் திடீரென்று சுவர் இடுக்கில் பழந்துணியைத் திணித்தாய். நான் கொண்டுவந்த குழம்பை முதலில் என்னைச் சாப்பிடச் சொன்னாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

"என்னப் பத்தித்தான் பேசுதாக. ஒனக்கு மட்டும் கேக்கலையாக்கும்?" என்றாய்.

ஒருத்தரும் பேசவில்லை என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய, நானும் அவர்கள் கட்சி என்று முடிவு கட்டினாய்.

ஒரு வீட்டில் சுகமில்லை என்றால் மற்ற வீடுகள் சத்தத்தைக் குறைப்பது லயத்து மரியாதை. உனக்கும் அதைச் செய்தோம். டிவியைத் தணித்தோம், பிள்ளைகளை அதட்டினோம், நீ வாசலுக்கு வந்தால் பேச்சை நிறுத்தினோம். இரக்கம்தான், வேறொன்றுமில்லை. நீயோ சோற்றைத் தொடாமல் எலும்பும் தோலுமானாய்.

உன் புருஷன் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நானும் கூட வந்தேன். டாக்டரம்மா உன்னோடு வாதாடவே இல்லை. எப்போது இது நிச்சயமாகப் பட்டது என்று மட்டும் கேட்டார்.

"மொதல்ல சந்தேகந்தான். பெறகு என்னயக் கண்டதும் எல்லாரும் பேச்ச நிறுத்துனாகல்லா, அப்பந்தான் நிச்சயமாச்சு."

பயம் உன்னுடையது. அதற்குச் சாட்சி சொன்னது எங்கள் மரியாதை.

திரும்பி வந்ததும், யாரும் சத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்தேன். டிவி பழையபடி அலறியது. மாத்திரையும் வேலை செய்தது. பல மாதம் கழித்து ஒருநாள் சுவருக்கு மேலே உன் குரல்: "ஏட்டி, கொழம்புல உப்பு கூடிப்போச்சு, என்ன செய்ய?" அன்றைக்கு நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. வியாதி முழுக்கப் போய்விடவில்லை, பயம் வரும், போகும். பிறகு சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை.

பயந்துபோன யார் முன்னாலும் நான் இப்போது குரலைத் தாழ்த்துவதில்லை. உன்னைக் கிடத்தியிருந்த அன்றும் அப்படித்தான். ஒப்பாரி ஓய்ந்த நேரத்தில் சனங்கள் ஆங்காங்கே குசுகுசுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் காதருகே குனிந்து, யார் யார் வந்திருக்கிறார்கள், உன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.