நல்ல ரிலே

மார்ச் 4, செவ்வாய்

மழை. காலையில் ஒரு வெள்ளைக் காரைக் கயிறு கட்டி என் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். கூடவே ஒரு பெண், ம்வெண்டே. போன மாதம் பிள்ளை மூமோவுக்கு மூச்சுத் திணறியபோது இந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையாம். புருஷன் லாரியோடு மொம்பாசா போயிருந்தான், போனையும் எடுக்கவில்லை. மோட்டார் பைக் பிடித்து ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வண்டி எடுக்கத் தெரியாதவ பிள்ளையைக் கொன்னுட்டான்னு மாமியார் சொல்றாங்க, ஃபுண்டி. என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க. எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

பேட்டரி நன்றாக இருந்தது. செல்ஃப் சுற்றியது, ஸ்பார்க்கும் வந்தது. பெட்ரோல் பம்பு மட்டும் சத்தமே போடவில்லை. அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டிரைவர் சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச். ஜாயின்ட்டில் பச்சை டேப். இந்த மச்சாகோஸ் ஊரில் பச்சை டேப் சுற்றுகிறவன் நான் ஒருவன்தான்.

திருட்டுக்குப் பயந்து எல்லோரும் போடும் கட்-அவுட் சுவிட்ச்; அணைத்து வைத்தால் பம்புக்குக் கரண்ட் போகாது, வண்டி கிளம்பாது. இரண்டு வருடம் முன்பு முசெம்பி என்பவனுக்குப் போட்டது. இவள் புருஷன் அவன்தான். யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் சொல்வேன்: "ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே. பொண்டாட்டிகிட்ட கூட." சிரிப்பார்கள்.

நாளைக்கு வாங்க என்றேன் அவளிடம். வேறென்ன சொல்வது?

மார்ச் 5

அவளுக்கு முன்னால் முசெம்பி வந்துவிட்டான். ஆள் பாதியாகியிருக்கிறான்.

"ஊருக்குக் கிளம்பும்போது சுவிட்சை அணைச்சுட்டுப் போனேன், பழக்கதோஷம். பம்புக்குக் கரண்ட் விடற ரிலே போச்சுன்னு சொல்லிடுப்பா. உன் காலைப் பிடிக்கறேன்."

தலையாட்டினேன். அவனுக்காக மட்டுமா? எனக்காகவும்தான். அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

அவள் வந்ததும், ரிலே போய்விட்டது என்று சொல்லி, நல்ல ரிலேயைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினேன். சுவிட்சை முன்பே போட்டுவிட்டிருந்தேன். வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது.

"அப்போ என் தப்பு இல்ல" என்றாள். மூன்று தடவை சொன்னாள். "பழசைக் கொடுங்க. மாமியார் கையில கொடுக்கணும்."

இடுப்பில் சுற்றியிருந்த லேசோத் துணியின் முனையில் அதை முடிந்துகொண்டு போனாள். பாவி நான்.

மார்ச் 9

உகாலிக் களியைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தேன். உடம்பு சரியில்லையா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 20

கட்-அவுட் போடச் சொல்லி இரண்டு பேர். சுவிட்ச் தீர்ந்துவிட்டது என்றேன். டப்பா நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 2

ம்வெண்டே நடந்து வந்தாள்.

"அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். பொண்டாட்டிகிட்ட சொல்லாதேன்னு சொன்னது யாருன்னும் சொன்னார்."

அழவில்லை. உட்காருங்க என்றேன், உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ஒண்ணும் பேசாதீங்க. என் தப்பு இல்லன்னு இங்க நின்னு சொன்னேனே, அப்போ நான் வண்டியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். உங்க முகத்தைப் பார்க்கல. அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

பார்த்தாள். நெடுநேரம். என்னால் தலை குனியக்கூட முடியவில்லை.

பிறகு பக்கத்துக் கடையில், தன் அம்மா ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கையில் துணிப்பெட்டி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.