பேட்டை பூத்தில் பிளஸ் டூ

ஜனவரி 9

காலையில் நல்ல பனி. பூத்தின் கண்ணாடிக் கதவைத் துடைத்து மாளவில்லை. முதல் போன் ஒரு மாட்டு வியாபாரி, பொள்ளாச்சிக்கு. ‘லே, பல்லப் பாத்தியா, பல்லப் பாத்தியா’ என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டின் பல்.

பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று. இனி பின்வாங்க முடியாது. இருபத்தாறு வயதில், பள்ளிக்கூடம் போகாமலேயே, நேராகப் பிளஸ் டூ. தனித்தேர்வர் என்று பெயர். பாஸானால் கல்லூரி. அம்மா படுக்கையில் விழுந்த வருடம் பத்தாவதோடு நின்றது. அம்மாவும் போய்விட்டாள். அதன் பிறகு அண்ணனின் இந்த எஸ்.டி.டி. பூத், ஊரார் போனில் பேசும் பேச்சு.

இதில் என்னை இழுத்துவிட்டது பாத்திமுத்து. (இனி பா.மு.) அவள் வீட்டுக்காரர் சவுதியில், தமாமில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குப் போன் போட வருவாள். லைன் கிடைக்கக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் நான் புரட்டிக்கொண்டிருந்த பழைய வணிகவியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ‘ஏட்டி கோமதி, இத வீட்டுலயே படிச்சு எழுதலாமாம்லா. நாம எழுதுனா என்ன?’ என்றாள். அவளும் பத்தாவது. கல்யாணத்தோடு நின்றவள்.

கையில் இருப்பவை:
வணிகவியல் – அந்தப் பழைய புத்தகம்தான்.
பொருளியல் – அட்டை இல்லை.
வரலாறு – கடைசிப் பாடம் கிழிந்தது.
கணக்குப்பதிவியல் – யாரோ பென்சிலில் விடை எழுதியிருக்கிறார்கள். பாதி தப்பு.
இங்கிலீஷ் – ஆண்டவன் விட்ட வழி.

ஜனவரி 20

நோன்பு மாதம். பா.மு. வெறும் வயிற்றோடு வந்து பொருளியல் படிக்கிறாள். துணைக்கு அவள் மாமியார். எனக்கும் மாமிதான். ஸ்டூலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டியபடி எல்லாவற்றையும் கேட்கிறார்.

நான் தேவை விதி வாசித்துக்கொண்டிருந்தேன். மாமி: ‘வெல கூடுனா வாங்குதவன் கொறையுவான். இதுக்கு ஒரு புத்தகமா? எலுமிச்சம்பழம் வாங்கப் போனா தெரிஞ்சிருமே.’

பா.மு.: ‘மாமி, அத கோடு போட்டுக் காட்டணும். கோட்டுக்குத்தான் மார்க்கு.’

‘அப்பம் கோட்டப் போடுங்க’ என்றார். போட்டோம்.

வெந்நீர்ப் பானை ஓட்டை. அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பெருநாள் முடிந்ததும் மறுபடி மும்முரமாகப் படிப்பு என்று பேசி வைத்திருந்தோம். இன்று ஜும்மா முடிந்து தமாமுக்குப் போன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

‘நெசமாவா மச்சான்? ... என்னைக்கு? ... மார்ச்சு பன்னெண்டா?’

மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளும் தமாம் போக விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. பரீட்சை மார்ச் ஐந்தில் தொடங்கி இருபத்தாறு வரை. பன்னிரண்டாம் தேதி போனால் பாதியில் போவதுதான்.

‘மூணு வருசமா இதத்தான கேட்டு அழுதேன். இப்பம் வந்திருக்கு. இதுக்கும் அழுதா அல்லா என்ன நெனப்பான்?’

நல்ல சேதிதானே என்று சொன்னேன். சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் போகிறாள் என்பதைவிட, இனி யாரோடு படிப்பேன் என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

பிப்ரவரி 17

பா.மு. வரவில்லை. தனியாக வரலாறு. ஒரு பக்கத்தை நாலு தடவை வாசித்தும் எதுவும் நிற்கவில்லை.

அண்ணன் மில்லுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான். ‘அந்தப் பிள்ள போனா நீயும் விட்டுருவ.’ குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பது மாதிரிச் சொன்னான். ‘அதோட, பரீட்ச அன்னைக்கு பூத்துல யாரு இருப்பா? எனக்கு லீவு கெடையாது, பாத்துக்கோ.’

இதை நான் யோசிக்கவே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பா.மு. வந்தாள். முகம் கழுவி, பொட்டலம் கட்டின மாதிரி இறுக்கமாக. இந்த முறை கதவைத் திறந்தே வைத்துக்கொண்டாள். நான் கேட்க வேண்டும் என்றே என்று நினைக்கிறேன்.

‘மச்சான், நான் வரமாட்டேன்னு சொல்லல. எழுதிட்டு வாரேன்னு சொல்லுதேன். ... ரெண்டு வாரந்தான். ... கம்பெனில கேளுங்க. ... எனக்காவ ஒருக்கா கேளுங்களேன். ... இல்ல, வெளையாட்டு இல்ல.’

லைன் அறுந்துவிட்டது. அல்லது அவர் வைத்துவிட்டார். மறுபடி போடவா என்றேன். வேண்டாம் என்றாள். ரசீதை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். பிறகு அவளே கணக்குப்பதிவியலை எடுத்து, ‘தேய்மானம் எங்க விட்டோம்?’ என்றாள்.

பிப்ரவரி 23

சாயங்காலம் பூத்துக்கு வெளிநாட்டு அழைப்பு. பா.மு.வைக் கூப்பிட ஆள் அனுப்பட்டுமா என்றேன். ‘வேண்டாம், ஒங்ககிட்டத்தான் பேசணும்’ என்றார் அவள் வீட்டுக்காரர்.

‘தங்கச்சி, அவ நெசமா படிக்காளா? இல்ல, இங்கன வரப் பயந்துக்கிட்டுச் சொல்லுதாளா?’

‘படிக்காண்ணே. நோன்புலயும் விடாம வந்தா.’

‘பாஸாயிருவாளா?’

‘தெரியாதுண்ணே. எனக்கே தெரியாது. ஆனா எழுதாம வந்தான்னா, ஆயுசு பூரா ஒங்ககிட்ட அதச் சொல்லியே தீருவா.’

லைனில் ஒரே இரைச்சல். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்.

‘அது வாஸ்தவந்தான். மேனேஜர்ட்ட கேட்டுப் பாக்கேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்.’

சொல்லவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

கிடைத்துவிட்டது! டிக்கெட் மார்ச் 26 ராத்திரிக்கு, திருவனந்தபுரத்திலிருந்து. கடைசிப் பரீட்சை அன்று மதியம்தான் முடிகிறது. முடித்த கையோடு கார் ஏற வேண்டும். பா.மு. பூத்துக்குள் போனை வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே என்னைப் பார்த்து வாயசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. புரிந்தது.

இன்னொன்று. பூத்தில் யார் இருப்பது என்று நான் புலம்பியதை மாமி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ‘நான் இருக்கேன். நம்பர அழுத்தணும், சீட்டு வந்தா கிழிச்சுக் குடுக்கணும். அதான? இத்தன நாளா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.’ ‘சரி மாமி’ என்றான் அண்ணன், பைய.

மார்ச் 5

தமிழ் முதல் தாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. நல்லவேளை, சீக்கிரமே கிளம்பியிருந்தோம். வாசலில் வாட்ச்மேன் மறித்தார்: ‘பெத்தவங்கள்லாம் வெளிய நில்லுங்கம்மா.’

பா.மு. ஹால் டிக்கெட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ‘பெத்தவ இல்ல அண்ணாச்சி, எழுதுதவ.’

உள்ளே பின்னல் போட்ட பிள்ளைகள் எங்களையே பார்த்தன. எழுத ஆரம்பித்ததும் யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. கையெழுத்து பழைய கையெழுத்தாகவே வந்தது. அதுவே சந்தோஷம்.

திரும்பி வந்தால் பூத்தில் கூட்டம். மாமி ஒருத்தரை அதட்டிக்கொண்டிருக்கிறார்: ‘சத்தம் போட்டாத்தான் பம்பாய்க்குக் கேக்குமா? பையப் பேசும்.’

மார்ச் 12

இங்கிலீஷ் இரண்டாம் தாள். கேள்வித்தாளில் கடிதம் எழுதச் சொல்லியிருந்தது. அப்பாவுக்கு, சுற்றுலாப் போக அனுமதி கேட்டு. அப்பா முகமே நினைவில்லை. எழுதினேன், மணிமுத்தாறு போக வேண்டும் என்று. ஒருதரம்கூடப் போனதில்லை.

பா.மு. இன்று விமானத்தில் இருக்க வேண்டியவள். பக்கத்து வரிசையில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 26

கணக்குப்பதிவியல். கடைசிக் கணக்கில் இரண்டு பக்கமும் சேரவே இல்லை. அடித்து, மறுபடி போட்டு, அதற்குள் மணி அடித்துவிட்டது. பேப்பரைப் பிடுங்காத குறை.

வாசலில் அம்பாசிடர். மேலே பெட்டி கட்டியிருந்தது. பூத்தைப் பூட்டிவிட்டு வந்த மாமியும் பா.மு.வின் வாப்பாவும் உள்ளே. நான் கண்கலங்கி நிற்கிறேன். இவள் காருக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, ‘ஏட்டி, வாராக்கடன எந்தப் பக்கம் போட்ட?’ என்கிறாள். ‘போட்டேன் எதையோ. நீ கெளம்புட்டி’ என்றேன். அப்போதுதான் அவளும் அழுதாள். விரலில் மை. என் சேலை முந்தானையில் ஒட்டியது.

கார் போன பிறகு பஸ்ஸுக்கு நிற்கப் பிடிக்கவில்லை. பாலம் வரை நடந்தே வந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. எருமைகள்.

மே 20

முடிவு வந்துவிட்டது. மாலைப் பேப்பரில். எங்கள் நம்பர் இரண்டும் அடுத்தடுத்து. அவள் நம்பர் இருக்கிறது. அதற்கு முந்தின நம்பர் இல்லை. பக்கத்தைத் திருப்பி, வேறு மாவட்டத்திலும்கூடத் தேடினேன். பைத்தியம்.

தமாமுக்கு நானே போட்டேன். ‘முத்து, நீ பாஸு.’ அலறினாள். அவரைக் கூப்பிட்டுக் கத்தினாள். அப்புறம்தான், ‘நீ?’

இல்லை என்றேன்.

‘எது போச்சு?’

‘கணக்குதான் இருக்கும்.’

‘ஒண்ணுதானட்டி? மத்தது இருக்குல்லா? செப்டம்பர்ல அந்த ஒண்ண மட்டும் எழுது. கேக்குதா? நான் இங்க இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் கேப்பேன்.’

கேட்கிறது என்றேன்.

மே 29

மார்க் பட்டியல் வாங்கினேன். நினைத்தது சரி. கணக்கு மட்டும். வரலாற்றில் இருநூற்றுக்கு நூற்று ஐம்பத்திரண்டு! இங்கிலீஷே பாஸ். இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

அண்ணன் பட்டியலை வாங்கி விளக்குப் பக்கம் பிடித்து வாசித்தான். விட்டுவிடு என்று சொல்வான் என்று காத்திருந்தேன். ‘நூத்தம்பத்திரண்டா? நம்ம வீட்டுல எவனும் இத்தன எடுக்கலயேட்டி’ என்றான். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே, ‘செப்டம்பருக்கு எப்பம் கட்டணும்?’

ஜூன் 12

மேற்கே மேகம். சாரல் இங்கே வரை எட்டிப் பார்க்கிறது. அப்ளிகேஷன் போட்டாயிற்று. மாமி வந்தார், சும்மா. அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். மதியம் கரண்ட் இல்லை. போனும் இல்லை, ஆளும் இல்லை. வெளிச்சத்துக்காக வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மூன்று கணக்கு போட்டேன். இரண்டு சரி.